பெரிய பிக்சல், சின்னப் பிக்சல்

வெயிலில் எடுத்த படத்தில் மேகம் வெறும் வெள்ளைத் திட்டாக வெளிறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்சாரின் பிக்சல்கள் ஒளியால் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் 2003-இல் இதற்குக் கொண்டுவந்த வழி அழகானது. ஒரே சென்சாரில் பெரிய பிக்சல், பக்கத்திலேயே சின்னது. பெரியது மங்கிய ஒளியையும் அள்ளிக்கொள்ளும்; சீக்கிரம் நிரம்பியும் விடும். சின்னது கொஞ்சமாகத்தான் வாங்கும். அதனாலேயே கண்கூசும் வெளிச்சத்திலும் மேகத்தின் மடிப்புகளைக் காப்பாற்றித் தரும்.

இப்படியொரு யோசனையைக் காப்புரிமைப் பரிசோதகர் எடைபோடும் விதமும் எனக்கு அதே அளவு பிடிக்கும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில், மிக நெருங்கிய பழைய ஆவணத்தை முதலில் தேடி எடுப்பார்கள். புதியது எங்கே விலகுகிறது, அந்த விலகல் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்று பார்ப்பார்கள். பிறகுதான் கேள்வி: துறை அறிந்த ஒருவர் இதைச் செய்திருக்க முடியுமா என்பதல்ல, செய்திருப்பாரா? விடை தெரிந்தபின் எல்லாமே எளிதாகத்தான் தோன்றும். அந்த மயக்கத்துக்கு இடங்கொடாமல், விண்ணப்பத்துக்கு முந்தைய நாளில் நின்று யோசிப்பது அருமையான ஒழுக்கம். தேறினால், ஆண்டுக் கட்டணம் கட்டிவரும்வரை, விண்ணப்ப நாளிலிருந்து அதிகபட்சம் 20 ஆண்டு உரிமை. அதன்பின் அது எல்லோருக்கும் பொது.