ஐந்து நாள் அறிவியல்

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி பல்கலைக்கழக அறிவியல் முகாமுக்குப் போவதென்றால் முதலில் வீட்டில் சம்மதம் வாங்கியாக வேண்டும். பிறகு செஞ்சி போய் பஸ் மாறி, புதுச்சேரிக்கோ சிதம்பரத்துக்கோ போய் விடுதியில் தங்க வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதற்கு எத்தனையோ வீடுகளில் இன்னும் துணிச்சல் வரவில்லை. இந்தத் தடையைத் தாண்டி வருகிற பிள்ளைக்கு முகாம் என்ன தருகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தின் முகாம்களை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பிளஸ் ஒன்னில் அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்கு ஐந்து நாள். விஞ்ஞானிகளின் உரை, ஆய்வகப் பார்வை, கொஞ்சம் செய்முறை.

இதன் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெங்காயத் தோலை மெல்லிசாக உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற பிள்ளைக்கு முதலில் தன் இமை மயிர்தான் தெரியும். திருகை மெதுவாகத் திருப்பத் திருப்ப, செங்கல் அடுக்கியது மாதிரி செல்கள் வரிசையாக எழுந்து வரும். நோட்டில் எத்தனையோ முறை வரைந்து பாகம் குறித்த படம் அப்போதுதான் உண்மையாகிறது. பள்ளி ஆய்வகத்தின் பீரோ பூட்டியே கிடக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இது சாதாரண அனுபவம் இல்லை. தன்னைப் போலவே கிராமத்திலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஓர் அக்காவிடம் பத்து நிமிஷம் பேசக் கிடைத்தால், அது எந்த உரையையும் விடப் பெரிது.

குறை, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே தொடங்குகிறது. முதல் ஒரு சதவீதத்தில் இருக்கும் பிள்ளை எப்படியும் படித்துவிடும். பத்தாம் வகுப்பில் 340 எடுத்து, எந்த குரூப் சேர்வது என்று கேட்க வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்குத்தான் முகாம் தேவை. அந்தப் பிள்ளைக்கு அது ஒன்பதாம் வகுப்பிலேயே வர வேண்டும். பிளஸ் ஒன்னில் வந்தால் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அடுத்தது மொழி. தமிழ்வழியில் படித்தவர்கள் நிறைந்த அரங்கில் ஆங்கிலத்தில் ஸ்லைடு ஸ்லைடாக ஓடும் உரை, கேள்வி கேட்கும் தைரியத்தை முதல் மணி நேரத்திலேயே எடுத்துவிடுகிறது. ஆறாம் நாள் பிள்ளை சான்றிதழோடு ஊர் திரும்புகிறது. அங்கே பீரோ பூட்டியபடியேதான் இருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்த வேலைகளும் நம்மிடம் உண்டு. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அறிவியலைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதன் துளிர் இதழ் தமிழிலேயே பிள்ளைகளோடு பேசியது. 2021-இல் இதே விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அந்தந்தத் தெருத் தன்னார்வலரையே ஆசிரியராக்கியது. 2022-இல் வந்த வானவில் மன்றம், செய்முறைப் பொருள்களை ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. இவற்றில் ஆழம் போதாது என்பது உண்மை. பிள்ளை இரண்டாவது கேள்வி கேட்டால், பதில் சொல்லப் பக்கத்தில் ஆளிருப்பதில்லை. அந்த ஆள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அவர் பஸ் ஏறி இங்கே வரட்டும் என்பதே என் கட்சி.

வந்தால் செய்ய வேலை நிறைய இருக்கிறது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. ஏப்ரல் பின்பாதியில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட போர்வெல். செஞ்சி வட்டாரம் கடினப் பாறை நிலம். மேலே சிதைந்த மண்ணிலும் கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் நிற்கும். அதனால்தான் ஒரு கொல்லையில் தண்ணீர் பீறிட, வரப்புக்கு அந்தப் பக்கம் வெறும் புகையாகத் தூள் பறக்கிறது. கடன் வாங்கிப் போட்ட போர் பொய்த்த வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அறிவியல் கேள்வி கிடையாது. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரும் இங்கே இருக்கிறார், மண்ணின் மின்தடையை அளந்து இடம் சொல்லும் பல்கலைக்கழக நிலவியல் துறையும் இருக்கிறது. இருவர் குறித்த இடங்களையும் பிள்ளைகள் நோட்டில் எழுதி, போர் போட்ட பிறகு எத்தனை அடியில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று இரண்டு மூன்று வருஷம் குறித்துவரலாம். ஐந்து நாளில் முடியாத வேலை இது. பேராசிரியர் பருவத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டியிருக்கும்; பள்ளியின் அறிவியல் ஆசிரியரும் கூடவே கற்றுக்கொள்வார். மின்தடை அளக்கும் கருவியைப் பல்கலைக்கழகம் திரும்ப எடுத்துப் போகட்டும். மைக்ரோஸ்கோப் ஒன்றையாவது பள்ளியில் விட்டுப் போகட்டும், பீரோ சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லி.