சொல்லும் சொல்லுமிடமும்: முதுமொழி வழக்கைப் பற்றிச் சில சிந்தனைகள்

வைகையைப் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று, அறவுரையைச் சோதிக்கும் முறையைப் பற்றியது. பாண்டிய நாட்டை விட்டுப் புறப்பட்ட சமண முனிவர் எண்ணாயிரவரும் ஆளுக்கொரு வெண்பாவை ஏட்டில் எழுதித் தத்தம் இருக்கையின் கீழ் வைத்துச் சென்றனர் என்றும், சினங்கொண்ட மன்னன் அவ்வேடுகளை ஆற்றில் எறியச் செய்தான் என்றும், நானூறு ஏடுகள் மட்டும் நீரோட்டத்தை எதிர்த்துக் கரை சேர்ந்து நாலடியார் என்னும் நூலாயின என்றும் அக்கதை கூறும். திருக்குறளுக்கும் மதுரையில் இத்தகைய சோதனை ஒன்று உண்டு. பொற்றாமரைக் குளத்துச் சங்கப் பலகை அந்நூலுக்கு இடந்தந்து அதன் தகுதியை மெய்ப்பித்தது என்பர். சோழவந்தானை அடுத்த திருவேடகமோ, ஞானசம்பந்தரின் ஏடு நீரை எதிர்த்து வந்து சேர்ந்த தலமாகச் சைவர்களால் போற்றப்படுகிறது. இம்மூன்று கதைகளிலும் நீரே நீதிபதி.

இவை வரலாறா அல்லவா என்பதை ஆராய்வது நம் நோக்கமன்று. இவற்றின் அடியில் கிடக்கும் இலக்கியக் கொள்கையே நமக்கு வேண்டுவது. எழுதியவர் யாரென்று நீருக்குத் தெரியாது. ஏட்டில் உள்ள சொல்லுக்கு எடை உண்டெனில் அது நிற்கும், இல்லையெனில் போய்விடும். நாலடியாரின் ஆசிரியர்கள் எவரும் நமக்குப் பெயரளவில் அறிமுகமானவர்கள் அல்லர். ஆயினும் நூல் நிற்கிறது. அரபு மரபு இதற்கு நேர்மாறான வினாவிலிருந்து தொடங்கியது. யார் சொன்னது, எவரிடமிருந்து கேட்டது என்று முதலில் கேட்டு, அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பின்னரே சொல்லின் சுவைக்கு அது வந்தது. இரண்டு முறைகளும் தத்தம் அளவில் சிறந்தவையே. எனினும் இவ்விரண்டிலும் முழுமையாக அடங்காத மூன்றாவது வினா ஒன்று உண்டு. எந்த இடத்தில், எவரை நோக்கி இச்சொல் சொல்லப்படுகிறது என்பதே அது. இன்று நம்மிடையே முதுமொழிகள் வழங்கும் முறையில் பெரிதும் கைவிடப்பட்டிருப்பது இந்த மூன்றாவது வினாதான் என்பது நம் கருத்து.

அரபுப் பழமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் இதற்கெனவே இரண்டு சொற்களை வைத்திருந்தனர். ஒரு பழமொழி முதன்முதலில் பிறந்த நிகழ்ச்சி அதன் 'மவ்ரித்'. பின்னர் அதை எடுத்தாளத் தகுந்த சூழல் அதன் 'மள்ரிப்'. ஹிஜ்ரி 224 (கி.பி. 838)இல் மறைந்த அபூ உபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் முதலியோர் தொடங்கிவைத்த இத்துறை, ஹிஜ்ரி 518 (கி.பி. 1124)இல் மறைந்த நீஷாப்பூர் அறிஞர் அல்மைதானீயின் 'மஜ்மஉல் அம்ஸா'லில் நிறைவெய்தியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்ட அப்பெருநூலில், பழமொழியைத் தந்து, அறிந்தவரை அதன் கதையைக் கூறி, இன்ன நிலையில் இருப்பவனுக்கு இது சொல்லப்படும் என்று முடிப்பது ஆசிரியரின் வழக்கம்.

அரபுக் கல்லூரி மாணவர் பலரும் இலக்கண வகுப்பிலேயே சந்தித்துவிடும் ஒரு பழமொழியை எடுத்துக்கொள்வோம். 'அஸ்ஸைஃப ளய்யஅத்தில் லபன்' என்பது அது. 'கோடையிலேயே பாலை இழந்துவிட்டாய்' என்பது பொருள். லகீத் என்பாரின் மகள் தக்தனூஸ், செல்வமுடைய முதியவரான அம்ர் இப்னு அம்ர் இப்னு உதஸின் மனைவியாக இருந்தாள். அவரை வெறுத்து விலகி, அழகிய இளைஞன் ஒருவனை மணந்தாள். பஞ்சம் வந்தபோது, கறவை ஒன்று வேண்டுமென்று பழைய கணவரிடமே ஆளனுப்பினாள். அவர் சொல்லியனுப்பிய விடை இதுவாம். பெண்ணை நோக்கிச் சொல்லப்பட்டதால் வினைச்சொல்லின் இறுதித் தாவுக்குக் கஸ்ரு வந்தது. பின்னாளில் ஆடவனுக்குச் சொன்னாலும், ஒரு கூட்டத்தாருக்கே சொன்னாலும் அந்தக் கஸ்ரு மாறுவதில்லை. பழமொழி தன் வடிவை மாற்றிக்கொள்ளாது என்பது விதி. இதை இலக்கணப் புறனடையாக மட்டும் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆனால் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அப்பழமொழி முதலில் எவளை நோக்கிப் பிறந்ததோ அவளை ஒரு குறிலுக்குள் சுமந்து வருகிறது என்பதன்றோ இதன் அழகு! பிறந்த இடத்தை மறக்காத சொல் அது.

தமிழில் இப்பணி எவ்வாறு நடந்தது? பீட்டர் பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கிலப் பெயர்ப்புடன் சென்னையில் வெளியிட்டார். ஜென்சன் 1897இல் வெளியிட்ட தொகுப்பு, பொருள்வகையால் பிரிக்கப்பட்டது. பாதிரிமார்களின் இவ்வுழைப்புக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அகரவரிசையில் அடுக்கப்பட்ட பழமொழி, பிடியில்லாத கத்தியைப் போன்றது. யார் எப்போது யாரிடம் சொல்வது என்பது தெரியாமல் வெறும் வாக்கியமாக அது அங்கே கிடக்கிறது.

தமிழுக்கு மள்ரிபை எழுதித் தந்த நூல் இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. முன்றுறை அரையனார் என்ற சமணப் புலவரின் பழமொழி நானூறே அந்நூல். ஒவ்வொரு வெண்பாவும் ஒரு சூழலை விவரித்துச் சென்று, இறுதியில் ஊரார் வாயிலிருந்த பழமொழி ஒன்றை வைத்து முடிகிறது. அதாவது, முதலில் வழக்கு, பிறகு தீர்ப்பு. தவளை தன் வாயால் கெடும் என்று இன்றும் நாம் சொல்வதை அவர் 'நுணல்' என்ற பழஞ்சொல்லோடு தருகிறார். மணலுக்குள் மறைந்து கிடந்தாலும் தன் குரலால் அகப்பட்டுக்கொள்ளும் அத்தவளையை, தனக்குத் தானே கேடு தேடும் பேச்சுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். மனிதனின் சாவு அவன் இரு தாடைகளுக்கு இடையே இருக்கிறதென்று அக்ஸம் இப்னு ஸைஃபியின் பெயரால் வழங்கும் அரபுப் பழமொழியை நடத்தும்போதெல்லாம் நமக்கு இந்த நுணல்தான் நினைவுக்கு வருகிறது. மைதானீயைப் பாடம் சொல்லும் கல்லூரிகள் அரையனாரையும் உடன்வைத்துப் பயிற்றினால் இழப்பொன்றும் நேராது.

பழமொழிகளுக்கு 'உண்மைப் பொருள்' கண்டுபிடிக்கும் ஒரு வழக்கமும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்பதில் அரசன் என்பது அரசமரமே என்கின்றனர். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பதில் பேர் என்பது வேர் என்கின்றனர். மூலத்தொகுப்பு எதையும் பெரும்பாலும் சான்று காட்டுவதில்லை. பழமொழியின் குத்தலையும் கேலியையும் நீக்கி அதை நல்லபிள்ளையாக்கிவிட வேண்டும் என்ற ஆசையே இங்கே விளக்கமாக வடிவெடுக்கிறது. அரபியிலும் ஒரே பழமொழிக்கு இரண்டு மூன்று பிறப்புக் கதைகள் உண்டு. சில, பின்னர்க் கட்டியவை என்பது வெளிப்படை. ஆனால் அத்தொகுப்பாளர்கள் பழமொழியின் பல்லைப் பிடுங்கவில்லை.

இனி அன்றாட வழக்குக்கு வருவோம். மதுரை நகரப் பேருந்தில் ஏறினால் ஒரு குறள் நம்மை எதிர்கொள்கிறது. நாட்காட்டித் தாளைக் கிழித்தால் ஒரு பொன்மொழி. ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுவதற்குள் கைபேசியில் நான்கு அறிவுரைகள் வந்து காத்திருக்கின்றன. நல்ல சொல் மலிவாகக் கிடைப்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால் குறள் தனித்தனியாகப் பிறந்ததன்று. பத்துப் பத்தாக அதிகாரத்துக்குள் அமைந்தது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்ற கருத்துடைய குறள், வாய்மை என்னும் அதிகாரத்தின் நடுவே, வாய்மையைப் பிறவறங்கள் அனைத்துக்கும் மேலாக உயர்த்தும் குறட்பாக்களின் காவலில் நிற்கிறது. அதைத் தனியே பெயர்த்துக் கடைவீதியில் மாட்டினால் வணிகனுக்கு அது உரிமச்சீட்டு ஆகிவிடும். மக்களிடையே இணக்கம் செய்விப்பவர் பொய்யராகார் என்ற நபிமொழியை அறிந்த நம்மவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். அங்கும் அனுமதி உண்டு. அதன் எல்லையும் உடனே உண்டு.

நம் சமுதாயத்தின் குறை இதனினும் பெரியது. நாட்காட்டியிலும் திருமண அழைப்பிதழிலும் அச்சாகும் நல்லுரைகளுக்கு நபி (ஸல்) அவர்களின் பெயரைச் சூட்டிவிடுவதில் நாம் தயங்குவதில்லை. சீனத்துக்குச் சென்றேனும் கல்வியைத் தேடுமாறு ஏவும் வாசகம் கல்வி விழா மேடைகளில் இன்றும் ஹதீஸாகவே முழங்குகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பதை இமாம் பைஹகீ (மறைவு ஹி. 458 / கி.பி. 1066) எடுத்துரைத்தார், இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹி. 597 / கி.பி. 1201) அதை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்தார். மக்கள் நாவில் புழங்கும் இத்தகைய வாசகங்களை ஆராய்வதற்கென்றே ஸகாவீ (மறைவு ஹி. 902 / கி.பி. 1497) 'அல்மகாஸிதுல் ஹஸனா'வை எழுதினார். அஜ்லூனீ (மறைவு ஹி. 1162 / கி.பி. 1749) 'கஷ்ஃபுல் கஃபா'வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகங்களை எடுத்துக்கொண்டார். தாய்நாட்டுப் பற்று ஈமானில் அடங்கும் என்ற புகழ்பெற்ற வாசகத்தைப் பற்றி ஸகாவீ தரும் குறிப்பு சிறியது: அதற்கு ஆதாரத்தைத் தாம் காணவில்லை, கருத்து சரியானதே. அக்கருத்தையும் பின்வந்தோர் சிலர் மறுத்தனர் என்பது வேறு. நமக்கு வேண்டியது, அவ்வறிஞர் கடைப்பிடித்த பிரிவினை. கருத்து சரியென்பதால் பெயர் சரியாகிவிடாது. ஞானம் இறைநம்பிக்கையாளரின் காணாமற்போன பொருள், கண்ட இடத்தில் எடுத்துக்கொள்க என்று நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் வாசகத்தின் அறிவிப்பாளர் ஒருவரைப் பலவீனமானவர் என்று அதைப் பதிவுசெய்த திர்மிதீயே குறித்துள்ளார். எங்கிருந்தும் எடுக்கலாம் என்ற சொல்லையே எங்கிருந்து எடுத்தோம் என்று கேட்டவர்கள் நம் முன்னோர்.

பெயர் சரியாக இருந்தும் இடம் தவறினால் என்னவாகும் என்பதற்கு, மதுரைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் ஜமாஅத் அமர்வில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்டதைச் சொல்லலாம். இரண்டு குழந்தைகளுடன் தாய்வீடு வந்துவிட்ட ஓர் இளம்பெண்ணின் வழக்கு அது. கணவர் பல மாதங்களாகச் செலவுக்குப் பணம் அனுப்பவில்லை. வழக்கைக் கேட்டு முடித்த பெரியவர் ஒருவர், "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று கூறி, ஸப்ரின் சிறப்பைப் பற்றியும் சில சொற்கள் சொன்னார். கூட்டம் தலையசைத்தது, அடுத்த வழக்கு அழைக்கப்பட இருந்தது. அப்போது பெண்ணின் தாயார் எழுந்து, "பூமி எங்களுக்கு வேணாம் மாமா. வீட்டு வாடகைக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

பெரியவர் கூறியது பொய்யன்று. பொறுமையைப் பற்றி அவர் சொன்னவை யாவும் மெய்யே. ஆனால் மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் கணவன்மீது கடமை என்பது ஃபிக்ஹின் தொடக்கப் பாடம். கடன்பட்டவனை விட்டுக் கடன் வரவேண்டியவளுக்குப் பொறுமையைப் போதித்ததில்தான் மெய்யான சொல் அநீதியாயிற்று. பழமொழிக்கு இத்தகைய ஆற்றல் உண்டு. அதைச் சொன்னவுடன் விசாரணை முடிந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஊரே முன்னர் ஒப்புக்கொண்ட வாக்கியமாதலால் அதை மறுப்பவர் ஊரை மறுப்பவராகிறார். அந்தத் தாயார் மறுக்கவில்லை. பழமொழியை ஏற்றுக்கொண்டு அதன் மள்ரிபைக் கேட்டார். எழுத்தறியாத அவர் செய்தது மைதானீயின் வேலை.

சட்ட அறிஞர்கள் இவ்வாபத்தை உணர்ந்திருந்தனர். தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது போன்ற ஃபிக்ஹுப் பொதுவிதிகளும் ஒருவகை முதுமொழிகளே. 1876இல் நிறைவெய்திய உஸ்மானிய 'மஜல்லா', அவற்றுள் 99ஐத் தன் முகப்பிலேயே நிறுத்தியது. ஆனால் ஸுயூத்தீ (மறைவு ஹி. 911 / கி.பி. 1505) தம் 'அல்அஷ்பாஹு வந்நளாஇர்' நூலில் விதியைச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை, அதன் கிளைகளையும், அதற்கு உட்படாத விலக்குகளையும் தொடர்ந்து எண்ணிச் செல்கிறார். ஹனஃபீ மத்ஹபில் இப்னு நுஜைமும் (மறைவு ஹி. 970 / கி.பி. 1563) அதே பெயருடைய தம் நூலில் இவ்வழியையே மேற்கொண்டார். பலாகத் வகுப்பில் நாம் கற்பிக்கும் முதல் வரையறையும் பேச்சு சூழலின் தேவைக்கு இயைந்திருத்தல் என்பதே. இவ்வளவையும் ஓதிவிட்டு மிம்பரிலும் பஞ்சாயத்திலும் நாம் அமரும்போது அது எங்கே போய்விடுகிறது?

அறிவுரை கேட்ட ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் கோபம் கொள்ளாதீர் என்று மட்டும் சொன்னார்கள். அவர் மீண்டும் மீண்டும் கேட்டபோதும் அதையே சொன்னார்கள் என்று புகாரியில் உள்ளது. செயல்களில் சிறந்தது எது என்ற வினாவுக்கோ வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு விடைகள் பதிவாகியுள்ளன. கேட்டவரின் நிலைக்கேற்ப விடை அமைந்தது என்பது உரையாசிரியர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று.

சில ஆண்டுகளாக நம் மாணவர்களிடம் ஒரு குறிப்பேடு வைத்துவரச் சொல்கிறோம். ஒரு பத்தியில் மைதானீயின் பழமொழி, அடுத்ததில் அதற்கிணையாகத் தம் வீட்டில் கேட்ட தமிழ்ப் பழமொழி, மூன்றாவதில் அது யாரிடம் எப்போது சொல்லப்பட்டது என்ற குறிப்பு. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டாம் பத்தியை ஒரே இரவில் நிரப்பிவிடுகின்றனர். மூன்றாவது பத்திக்கு விடுமுறையில் ஊருக்குச் சென்று பாட்டிமார்களிடம் உட்கார வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவர் திரும்பிவந்து, மாமியாரிடம் சொல்லக்கூடாதது என்று தம் பாட்டி விலக்கிவைத்த பழமொழிகளுக்காகத் தனியே நான்காவது பத்தி ஒன்றைக் கோடு போட்டுக் காட்டினார்.