டெம்ப்ஸி குன்றில் ஒரு பீர்க் கொட்டடி

சிங்கப்பூரின் டாங்ளின் பகுதியில், தாவரவியல் பூங்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் டெம்ப்ஸி குன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அது ஜாதிக்காய்த் தோட்டம். 1850-களில் நோய் விழுந்து தீவெங்கும் ஜாதிக்காய் மரங்கள் பட்டுப்போக, நிலத்தை அரசு வாங்கிக்கொண்டது. 1860-களின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கான கொட்டடிகள் அங்கே எழுந்தன. அவற்றைத் திட்டமிட்டவர் மதராஸ் எஞ்சினியர்ஸ் படையிலிருந்து சிங்கப்பூருக்குப் போன கோலியர். துறைமுகத்தை ஒட்டிய கோலியர் கீ சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தக் கொட்டடி வளாகத்தில்தான் 2007-இல் ரெட்டாட் பிரூஹவுஸ் தொடங்கியது. அது ஒரு பிரூபப்: பீர் காய்ச்சுவதும் அதை ஊற்றிக் கொடுப்பதும் ஒரே கூரையின் கீழ் நடக்கும்.

பழைய கட்டடத்துக்குள் மதுக்கூடம் வைப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. காரை பெயர்ந்த செங்கல் சுவர், துருப்பிடித்த உத்தரம், மஞ்சள் பல்பு என்று பெரும்பாலான இடங்களில் பழமை புகைப்படத்துக்குத் திரைச்சீலையாக நிற்கிறது. தேர்ந்த ரசிகர் இரண்டு கேள்விகளோடு உள்ளே போவார். இந்தக் கட்டடம் பீருக்கு என்ன செய்கிறது? குடிப்பவருக்கு என்ன செய்கிறது? இரண்டுக்கும் விடை ஒன்றுமில்லை என்றால் அந்தக் கடைக்குப் பழைய கட்டடம் தேவையே இல்லை.

டாங்ளின் கொட்டடிகளின் அமைப்பு அந்தக் காலத்து மருத்துவத்திலிருந்து வந்தது. வெப்ப நாடுகளில் வெள்ளைச் சிப்பாய்கள் போரில் மாண்டதைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் மாண்டதே அதிகம். கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று ராணுவ மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அமைந்த அரச ஆணையமும், அதன் பின்னால் நின்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் காற்றோட்டத்தைத்தான் வலியுறுத்தினார்கள். ஆகவே மேட்டு நிலத்தைத் தேடினார்கள். அகலம் குறைந்த நீளக் கூடங்களை எழுப்பி, பக்கவாட்டில் தாழ்வாரம் இழுத்து, உயரமான சரிவுக் கூரை போட்டு, வரிசையாகக் கதவுகள் வைத்தார்கள். முதலில் வேய்ந்தது அத்தாப்பு ஓலை. இன்று காண்பது ஓட்டுக் கூரை. கட்டடங்களில் பலவும் பின்னாளில் திருத்தப்பட்டவை, புதுக்கப்பட்டவை. காய்ச்சல் காற்றால் வரவில்லை, கொசுவால் வந்தது என்று பிறகு தெரிந்தது. நம்பிக்கை பிழை, அதை வைத்துக் கட்டிய வீடு மட்டும் பிழையில்லாமல் அமைந்துவிட்டது. பூமத்தியரேகைப் புழுக்கத்தில் ஒரு மாலையை உட்கார்ந்து கழிக்க இதைவிடப் பொருத்தமான கட்டட வகை அந்தத் தீவில் அரிது.

இந்தக் குன்றின் வரலாற்றில் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல் எம்டன், நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் சிக்கி அழிந்தது. எம்டன் ஆட்கள் சிலரைப் பிரிட்டிஷார் டாங்ளினில் அடைத்து வைத்தார்கள். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறையில், அலெக்சாண்ட்ரா கொட்டடியிலிருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரியின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது ஒரு பிரிவினர் டாங்ளினுக்கு வந்து காவலர்களைச் சுட்டு, கைதிகளைத் திறந்துவிட்டார்கள். ஜெர்மானியரில் பெரும்பாலோர் கலகத்தில் சேரவில்லை. எம்டன் அதிகாரி லவுட்டர்பாக் முதலான சிலர் மட்டும் சந்தடியில் தப்பிவிட்டார்கள். கலகம் அடங்கியதும் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1971-இல் பிரிட்டிஷ் படை வெளியேறியபின் சிங்கப்பூர்ப் பாதுகாப்பு அமைச்சு 1989 வரை இங்கே ஆள்சேர்ப்பு மையத்தை நடத்தியது. கட்டாயப் படைச்சேவைக்கு உடற்சோதனை செய்துகொள்ள அந்தத் தலைமுறைச் சிங்கப்பூர் இளைஞர்கள் ஏறிய குன்று இது; அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. இந்த நினைவுகளில் பெரும்பாலானவை குடிக்க வருபவரின் காதுக்கு எட்டுவதில்லை. பீர் விலைப்பட்டியலில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருந்தால் அதுவும் ஒரு வகையில் மலிவாகத்தான் இருந்திருக்கும்.

பீரின் கைவேலை தமிழருக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் அரிசி மது வடிக்கும் முறை படிப்படியாக வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பாத்திரத்தில் ஆறவிட்டு, முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்த அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் புளிக்கவைத்து, பிறகு விரலால் அலைத்து வடிப்பார்கள். முளைதான் சூட்சுமம். தானியம் முளைவிடும்போது உண்டாகும் நொதிகள் மாவை இனிப்பாக உடைக்கின்றன. இனிப்பு இல்லாமல் ஈஸ்ட்டுக்கு வேலை இல்லை. இன்றைய பிரூபப்பிலும் அதே காரியம்தான். முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், நொறுக்கப்பட்டு 65 டிகிரி அளவிலான வெந்நீரில் ஒரு மணி நேரம்போல ஊறுகிறது. இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, சட்டென்று குளிரவைத்து, ஈஸ்ட் சேர்த்துத் தொட்டியில் அடைக்கிறார்கள். சங்ககாலச் சாடியில் இல்லாதது ஹாப்ஸின் கசப்பும் குளிர்சாதனமும்தான்.

குளிர்சாதனம் இந்தக் கதையில் பெரிய திருப்பம். ஏல் வகைப் பீர் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில நாளில் நொதித்துவிடும். லாகருக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிரும், அதன்பின் இன்னும் கடுங்குளிரில் வாரக்கணக்கான ஓய்வும் வேண்டும். அதனால்தான் பவேரியாவில் 1553-இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று அரசாணை இருந்தது. குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் பனிக்கட்டியோடு வைத்தார்கள். நிலவறைமேல் நிழலுக்காகச் செஸ்ட்நட் மரம் நட்டார்கள். அந்த நிழலில் மேசை போட்டதிலிருந்து பீர்த் தோட்டம் பிறந்தது. அங்கே கட்டடம்தான் பீரைச் செய்தது என்று சொன்னாலும் பொருந்தும். 1870-களில் கார்ல் லின்டேயின் குளிர்பதன இயந்திரம் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலைக்கு வந்தபின் அந்தக் கட்டு அவிழ்ந்தது. டெம்ப்ஸியில் வெளியே 30 டிகிரி புழுங்கினாலும் தொட்டிகளின் இரட்டைச் சுவர்களுக்கு இடையே குளிர்திரவம் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பழைய சுவர் பீருக்குச் செய்யும் உதவி ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதல் கேள்விக்கு இதுதான் நேர்மையான விடை.

ஆனால் தரை உதவுகிறது. ஆயிரம் லிட்டர் பீர் நிரம்பிய தொட்டி ஒரு டன்னைத் தாண்டும். அப்படிப் பல தொட்டிகள் வரிசையாக நிற்க வேண்டும். கழுவிவிடும் நீர் வடிய வாட்டமும், கொதிகலனின் ஆவி வெளியேற உயரமும் தேவை. மாடி வீடுகளைப் பிரூபப்பாக மாற்றுபவர்கள் இரும்புத் தூண் முட்டுக்கொடுத்தே களைத்துப்போகிறார்கள். மண்மேல் நிற்கும் கொட்டடியில் பாரம் நேரே நிலத்துக்கு இறங்கிவிடும். உயரக் கூரை ஆவியை வாங்கிக்கொள்ளும். அதே சிங்கப்பூரில் 2010-இல் மெரினா பே நிதி மையக் கோபுரத்தின் 33-ஆம் மாடியில் லெவல் 33 என்ற பிரூபப் திறந்தது. தாமிரக் கொப்பரைகளை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியது பொறியியல் சாதனைதான். அந்தக் கடையில் ஜன்னல் காட்டும் காட்சிக்கு முன்னால் பீர் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

மாற்றிக் கட்டும் கலையின் உச்சத்தைப் பார்க்க அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்குக்குப் போக வேண்டும். அங்கே 1902-இல் கட்டிய புனித ஸ்நாபக அருளப்பர் கத்தோலிக்கத் தேவாலயம், மறைமாவட்டம் பங்குகளைக் குறைத்தபோது 1993-இல் மூடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதுவே சர்ச் பிரூ ஒர்க்ஸ் என்ற பிரூபப்பாகத் திறந்தது. பீடம் இருந்த இடத்தில், நீல வண்ணக் குவிமாடச் சுவரின் முன், எஃகும் தாமிரமுமாகக் காய்ச்சும் கலன்கள் மின்னுகின்றன. விசுவாசிகளுக்கு இது நெருடும், நெருட வேண்டியதுதான். ஆனால் வேலைப்பாட்டின் ஒழுக்கத்தை மறுக்க முடியாது. நீண்ட ஓக் மரப் பெஞ்சுகளைக் குறுக்கி இருக்கையாக்கினார்கள். மிஞ்சிய பலகையில் பார் மேடை செய்தார்கள். பாவசங்கீர்த்தன அறையை இடித்த செங்கல் பெயர்ப்பலகைத் தூணுக்குப் போயிற்று. ஒட்டுப்பலகைக்கு அடியில் மறைந்துகிடந்த பழைய மரத்தரையைத் தோண்டி எடுத்துச் சீர்செய்தார்கள். நடுக்கூடத்து விளக்குகளுக்குப் புதுக் கம்பியிழுத்து அதே இடத்தில் எரியவைத்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பழமை அங்கே குறைவு. அந்த வீட்டுப் பொருளே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த அளவுகோலில் டெம்ப்ஸி அடக்கமானது. கொட்டடியில் காட்சிப்பொருள் கிடையாது. வண்ணக் கண்ணாடியோ சித்திரக் கூரையோ இருந்ததில்லை. இருப்பது நிழல், காற்று, தாழ்வாரம், சுற்றிலும் மழைமரங்கள். குடிப்பவருக்கு அதுவே பெரிய கொடை. திறந்த பக்கங்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. மும்பை லோயர் பரேலின் பழைய பஞ்சாலை வளாகங்கள் மதுக்கூடங்களாக மாறிய வேகத்தில், 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் கமலா மில்ஸ் வளாகத்தின் கூரைத்தள உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். மாற்றிக் கட்டிய இடத்தில் நுழைந்ததும் வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொள்வதும் ரசனையின் பகுதிதான். எந்தப் பக்கம் எழுந்தாலும் புல்தரைக்கு இறங்கிவிடக்கூடிய கொட்டடி அந்தக் கவலையைத் தருவதில்லை.

பீர் விஷயத்தில் ரெட்டாட்டுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஸ்பைருலினா பாசி சேர்த்த பச்சை நிற லாகர். நிறம் கண்ணுக்கு, நாக்குக்கு அது மென்மையான லாகர், அவ்வளவுதான். கடையின் கைத்திறனைச் சோதிக்க விரும்புபவர் பச்சையை விட்டுவிட்டு எளிய வெளிர் லாகரில் தொடங்குவது நல்லது. கருகிய மால்ட்டும் கூடுதல் ஹாப்ஸும் பிழைகளை மூடிவிடும்; வெளிர் லாகரில் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெண்ணெய் மணம் அடித்தால் ஓய்வு போதவில்லை, வேகவைத்த சோள மணம் வந்தால் கொதி போதவில்லை, புளிப்புத் தட்டினால் குழாய் கழுவவில்லை. அதன்பின் கோதுமைப் பீர், பிறகு கசப்பு ஏறிய ஏல், கடைசியில் கறுப்பு. இந்த வரிசையைத் திருப்பினால் முதலில் குடித்த கறுப்பு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் பீர் பெரும்பாலும் வடிகட்டாதது; புட்டியில் அடைத்து ஊர் கடத்தச் செய்ததல்ல, காய்ச்சிய இடத்திலேயே குடிக்க வேண்டியது. திண்டுக்கல் சமவெளியில் பனையேறுபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாததில் இறங்கினால் கள். காலையில் இறக்கியது மதியம் தாண்டினால் கடுத்துவிடும். ஆகவே கள்ளின் நல்ல சுவை மரத்தடியில்தான். திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்புப் பக்கம் இன்று சட்டப்படி கிடைப்பது பதநீர் மட்டுமே. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை; 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். காய்ச்சிய இடத்திலேயே குடிக்கும் பீரைத் தமிழ்நாட்டுக்காரர்கள் பெரும்பாலும் பெங்களூரில்தான் முதலில் பார்க்கிறார்கள். அங்கே இந்திரா நகரின் டாய்ட் 2010-இல் தொடங்கிய பிறகு இவ்வகைக் கடைகள் பெருகின; அவற்றில் பெரும்பாலானவை புதுக் கட்டடங்களில் இருக்கின்றன.