ரோபக் விடுதியில் தொடங்கிய சங்கம்

1930 செப்டம்பரில் இங்கிலாந்தின் ‘தி லைட் கார் அண்ட் சைக்கிள்கார்’ வார இதழுக்கு ராய் மார்ஷ் என்ற வாசகர் ஒரு கடிதம் எழுதினார். எம்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் கூடி ஒரு சங்கம் அமைக்கலாமே என்பது அதன் சாரம். லண்டனில் கணக்காளர் தொழிலுக்குப் பயிற்சி பெற்றுவந்த ஜான் தார்ன்லி என்ற இளைஞரிடமும் ஒரு எம்.ஜி. மிட்ஜெட் இருந்தது. அந்த யோசனையை அவர் பற்றிக்கொண்டார். அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து எடின்பரோ வரை செல்லும் கிரேட் நார்த் சாலையில், ஸ்டீவனேஜை ஒட்டிய ரோபக் விடுதிக்கு எம்.ஜி. கார்கள் வந்து சேர்ந்தன. அன்று பிறந்ததுதான் எம்.ஜி. கார் கிளப். தார்ன்லி அதன் கௌரவச் செயலாளர் ஆனார்.

ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் என்றதும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வருகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கார் என்பதே அன்று வசதி படைத்தவர்களின் பொருள். ஆனால் இந்தச் சங்கங்களின் பிறப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உறுப்பினர்களிடம் என்ன இருந்தது என்பதைவிட, என்ன இல்லாமல் இருந்தது என்பதே ஒவ்வொரு சங்கத்தையும் உருவாக்கியிருக்கிறது. ஓட்டிப் பார்க்க இடம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, காரைச் செய்த நிறுவனமே இல்லை. இப்படி ஏதோ ஒரு குறை அவர்களை ஒன்றுசேர்த்தது.

எம்.ஜி.யின் கதையிலிருந்தே தொடங்கலாம். வில்லியம் மாரிஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையம் இருந்தது. எம்.ஜி. என்ற இரண்டு எழுத்துகள் அதன் சுருக்கம். 1922இல் அதன் பொது மேலாளரான செசில் கிம்பர், மாரிஸின் சாதாரணக் கார்களுக்கு அழகான உடற்கூடு பூட்டி விற்கத் தொடங்கினார். அவருக்கு உண்மையான திருப்புமுனை 1928இல் கிடைத்தது. முந்தைய ஆண்டு நொடித்துப்போன வுல்ஸ்லி நிறுவனத்தை மாரிஸ் விலைக்கு வாங்கியிருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஹிஸ்பானோ-சூயிசா விமான என்ஜின்களைத் தயாரித்த அனுபவம் வுல்ஸ்லிக்கு இருந்தது. அந்த அனுபவத்தில் விளைந்த 847 சி.சி. என்ஜின், கேம்ஷாஃப்ட் மேலே அமைந்த நுட்பமான என்ஜின், மாரிஸ் மைனர் என்ற மலிவான சின்னக் காரில் ஏறியது. கிம்பர் அந்த மைனரின் சேஸிஸை எடுத்துச் சற்றே தாழ்த்தி, ஒட்டுப்பலகைச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய, பின்பக்கம் படகுபோலக் கூம்பிய இருவர் அமரும் உடலை அதற்குப் பொருத்தினார். 1928 அக்டோபரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் எம் டைப் மிட்ஜெட் அறிமுகமானது. விலை 175 பவுண்டு.

அந்த விலையில்தான் சங்கத்தின் விதை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரும்பாலும் பென்ட்லி போன்ற பெரிய வண்டி. அதை வாங்கக்கூடியவர்களுக்குக் கூடிப் பேச வேறு மாளிகைகள் இருந்தன. மிட்ஜெட்டை வாங்கியவர்கள் சம்பளக்காரர்கள், படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று இருந்த ஆண்டு வரியும் இந்த எட்டுக் குதிரைத்திறன் வண்டிக்கு எட்டுப் பவுண்டுதான். 1932 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எம் டைப் வண்டிகள் உருவாயின. ஒரே வயது, ஒரே ஆசை, ஒரே மாதிரிக் கார், ஆனால் நாடு முழுக்கச் சிதறிக்கிடந்த மனிதர்கள். இவர்களைச் சேர்க்க ஒரு வார இதழின் கடிதப் பகுதி தேவைப்பட்டது. பெரிய கார்களுக்கான இதழ்கள் தனியாக இருக்க, சின்னக் கார்களுக்கென்றே நடந்த இதழில் அந்தக் கடிதம் வந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரே மாதிரிக் கார் என்றால் ஒரே மாதிரித் தொல்லையும்தான். அந்த என்ஜினில் டைனமோ செங்குத்தாக நின்றது. கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் தண்டாகவும் அதுவே வேலை செய்தது. இடத்தை மிச்சப்படுத்தும் கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் மேலே இருக்கும் எண்ணெய் கசிந்து டைனமோவுக்குள் இறங்கும். இதற்கு என்ன செய்வது என்று ஒருவர் கண்டுபிடித்தால், அது அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். உரிமையாளர் சங்கங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பந்தயங்களையும் விருந்துகளையும் பேசுவார்கள். விடுதி முற்றத்தில் என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்த இந்த வகைப் பேச்சுதான் சங்கங்களை உயிரோடு வைத்திருந்தது என்பது என் எண்ணம்.

இன்னொரு குறையும் இருந்தது, சட்டத்தின் வழியாக வந்தது. பிரிட்டனில் பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்த முடியாது. 1925 மார்ச்சில் கோப் ஹில் மலையேற்றப் போட்டியில் பார்வையாளர் ஒருவர் காயமடைந்த பிறகு, சாலைகளில் நடக்கும் வேகப் போட்டிகளுக்கு ராயல் ஆட்டோமொபைல் கிளப் அனுமதி தருவதை நிறுத்திக்கொண்டது. 1907இல் திறந்த புரூக்லாண்ட்ஸ் தடம் இருந்தது. சாதாரண உரிமையாளருக்கு அது எட்டாத களம். மிச்சமிருந்தது டிரையல் எனப்படும் சோதனை ஓட்டம். சேறும் கல்லும் நிறைந்த செங்குத்தான வண்டிப்பாதையில் வண்டி நிற்காமல் ஏற வேண்டும். நடுவில் நின்றால் மதிப்பெண் போச்சு. பின்சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைக்க, பக்கத்தில் இருப்பவர் இருக்கையில் எம்பி எம்பிக் குதிப்பார். இதில் வேகத்துக்கு வேலை இல்லை, காசுக்கும் பெரிய வேலை இல்லை. எடை குறைந்த மிட்ஜெட்டுக்கு இது வாகான விளையாட்டு. வழியைக் குறிக்க, மலையடியில் நின்று கண்காணிக்க, மதிப்பெண் கூட்ட ஆட்கள் வேண்டும். அதைச் செய்ய ஒரு அமைப்பு வேண்டும். சங்கம் அந்த அமைப்பாக ஆனது. நாட்டின் பல பகுதிகளில் ‘சென்டர்’ என்ற பெயரில் கிளைகள் முளைத்தன.

தார்ன்லி 1931இல் கணக்குப் பேரேடுகளை விட்டுவிட்டு ஆபிங்டனில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் பிரான்சின் மோன்லெரி தடத்தில் ஜார்ஜ் ஐஸ்டன் ஒரு எம்.ஜி.யில் மணிக்கு நூறு மைலைத் தாண்டினார், 750 சி.சி. வகுப்பில் அந்த வேகத்தை எட்டிய முதல் ஆள் அவர். தொழிற்சாலைக்கும் சங்கத்துக்கும் அது பொற்காலம். 1935இல் எம்.ஜி. நிறுவனம் மாரிஸ் மோட்டார்ஸின் கைக்குப் போனது, பந்தயப் பிரிவு மூடப்பட்டது. அதன்பின் கிரீம் கிராக்கர்ஸ், மஸ்கடியர்ஸ் என்ற அணிகள் டிரையல் மலைகளில் எம்.ஜி.யின் பெயரைக் காத்தன. தொழிற்சாலை பந்தயத்தை விட்ட நாளில் உரிமையாளர்களின் சேற்று மலைகள்தான் அந்தக் காரின் களமாக இருந்தன.

அதே காலத்துப் பிற சங்கங்களைப் பார்த்தால் இந்தப் போக்கு இன்னும் துலங்குகிறது. எம்.ஜி.க்கு ஒரு வருடம் முன்பு, 1929இல், பிரிட்டனில் புகாட்டி உரிமையாளர் சங்கம் தோன்றியது. அவர்களுக்கு வேண்டியது ஒரு மலை. 1937இல் க்ளாஸ்டர்ஷயரில் பிரெஸ்காட் என்ற இடத்தையே வாங்கினார்கள். அங்கே மலையேற்றப் போட்டி இன்றும் நடக்கிறது. 1930 நவம்பரில், ரோபக் கூட்டம் முடிந்து சில வாரங்களில், பிரைட்டனின் ஓல்ட் ஷிப் ஓட்டலில் வெட்டரன் கார் கிளப் உருவானது; உலகின் முதல் தலைமுறைக் கார்கள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்ததைத் தடுக்க நினைத்தவர்கள் அவர்கள். 1934இல் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப். புதிய கார்கள் மட்டமாகிவிட்டன, 1931க்கு முந்தைய வண்டிகளே உருப்படியானவை என்று நம்பிய, கையில் அதிகப் பணம் இல்லாத இளைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். அவர்கள் விரும்பிய கார்கள் அன்று சல்லிசாகக் கிடைத்த பழைய வண்டிகள். இன்று அவற்றின் விலையைக் கேட்டால் அந்த நிறுவனர்களே நம்பமாட்டார்கள்.

இவற்றில் என்னை மிகவும் தொடுவது பென்ட்லியின் கதை. 1930இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் தொடர்ந்து நான்காவது ஆண்டாக பென்ட்லி வென்றது. 1931 கோடையில் நிறுவனம் திவாலானது. நேப்பியர் வாங்கிவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் ரோல்ஸ்-ராய்ஸ் வந்து வாங்கிக்கொண்டது. லண்டன் கிரிக்கிள்வுட்டில் இருந்த பழைய தொழிற்சாலை மூடப்பட்டது. பென்ட்லி என்ற பெயர் வேறு வகைக் காருக்குப் போயிற்று. கிரிக்கிள்வுட்டில் பிறந்த கார்களின் உரிமையாளர்கள் ஆதரவின்றி நின்றார்கள். 1936இல் அவர்கள் பென்ட்லி டிரைவர்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். தாய் இறந்த வீட்டில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைப் போன்ற பிறப்பு அது.

கடலுக்கு அப்பால் குறை வேறு மாதிரி. அமெரிக்காவில் கோலியர் சகோதரர்கள் 1933இல் ஆட்டோமொபைல் ரேசிங் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், எம்.ஜி.களை அங்கே கொண்டுபோனவர்களும் அவர்களே. போர் அந்த அமைப்பை 1941இல் முடித்துவைத்தது. 1944 பிப்ரவரியில், பெட்ரோல் பங்கீட்டில் இருந்த காலத்தில், பாஸ்டனில் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா உருவானது. பந்தயம் நடத்துவதைவிட, நாட்டில் சிதறிக்கிடந்த ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பாதுகாப்பதே அதன் முதல் அக்கறை. நான்கு ஆண்டுகள் கழித்து நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் ஊர்ச் சாலைகளில் போருக்குப் பிந்தைய முதல் பெரிய சாலைப் பந்தயம் நடந்தது. அதை முன்னின்று நடத்திய கேமரன் ஆர்கெட்சிங்கர் சட்ட மாணவர். அவருடைய கார் எம்.ஜி. டிசி. 1945 முதல் 1949 வரை ஆபிங்டனில் உருவான பத்தாயிரம் டிசிகளில் ஏறத்தாழ இரண்டாயிரம்தான் அமெரிக்காவுக்குப் போயின. எண்ணிக்கை சின்னது, ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்பதை ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் அந்த வண்டியில்தான் கற்றார்கள்.

போர்ஷே சங்கங்களின் தொடக்கத்தில் தனிமையே பெரிய காரணம். முதல் போர்ஷே சங்கம் 1952 மே மாதம் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் ஏழு பேரோடு தொடங்கியது. அமெரிக்காவில், வாஷிங்டன் பகுதியில் விளம்பர ஓவியராக இருந்த பில் ஷோலார் ஒரு போர்ஷே 356 வாங்கினார். அந்த விசித்திரமான பின்-என்ஜின் காரைப் பற்றிப் பேச ஆள் தேடினார். 1955 செப்டம்பரில் சிலர் கூடி போர்ஷே கிளப் ஆஃப் அமெரிக்காவைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ‘பனோரமா’ என்ற இதழும் வந்துவிட்டது. இன்று அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல். சங்கமும் இதழும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறப்பது இத்துறையில் திரும்பத் திரும்ப வருகிறது. தூரம் அதிகமான நாட்டில் இதழ்தான் சந்திக்கும் இடம்.

எம்.ஜி.க்குத் திரும்புவோம். தார்ன்லி 1952இல் ஆபிங்டனின் பொது மேலாளர் ஆனார். ஒரு சங்கத்தின் முதல் செயலாளர் அந்தக் காரைச் செய்யும் தொழிற்சாலைக்கே தலைவரானது அபூர்வம். அவர் காலத்தில்தான் எம்.ஜி.ஏ.வும், ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற எம்.ஜி.பி.யும் வந்தன. அந்தக் கார்களில் உரிமையாளரின் கண் தெரிகிறது என்பேன்: எளிய என்ஜின், வீட்டிலேயே கழற்றிப் பூட்டக்கூடிய பாகங்கள், எட்டக்கூடிய விலை. சங்கத்துக்கு நிறுவனத்தின் தாராளமான ஆதரவும் கிடைத்தது.

அந்த ஆதரவில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. 1968இல் எம்.ஜி.யையும் உள்ளடக்கிய பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் உருவானதும் அந்த ஆதரவு விலக்கப்பட்டது. தார்ன்லி 1969இல் ஓய்வு பெற்றார். சங்கம் மறுபடியும் உறுப்பினர்களின் கையை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. அதுவே நல்லதாக முடிந்தது என்பது என் கணிப்பு. நிறுவனத்தின் நிழலிலேயே இருந்திருந்தால் பத்தாண்டு கழித்து வந்த அடியில் சங்கமும் சேர்ந்து விழுந்திருக்கும். 1973இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் எம்.ஜி. ஓனர்ஸ் கிளப் என்ற இரண்டாவது சங்கம் எழுந்தது. பழைய டிரையல் மரபில் வராத, அன்றாடம் எம்.ஜி. ஓட்டுகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு உதிரிபாகமும் காப்பீடும் ஆலோசனையும் தேவைப்பட்டன. அதை மூத்த சங்கம் போதிய அளவு செய்யவில்லை என்பதையே இந்தப் பிறப்பு காட்டுகிறது.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊர், எம்.ஜி. அங்கே வந்த ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, திங்கட்கிழமை, எம்.ஜி. தயாரிப்பை நிறுத்தப்போவதாக லேலண்ட் அறிவித்தது. உரிமையாளர்கள் எதிர்ப்பில் இறங்கினார்கள். ஆஸ்டன் மார்ட்டின் தலைமையிலான குழு தொழிற்சாலையை வாங்க முயன்று தோற்றது. 1980 அக்டோபரில் கதவு மூடப்பட்டது. சங்கங்கள் மூடப்படவில்லை. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. கார் நின்றுபோய் எட்டு ஆண்டு ஆன பிறகும் அதை வாங்க ஆள் இருந்ததற்குக் காரணம், துருப்பிடித்த வண்டிகளைக் கைவிட மறுத்த சங்கத்தார்.

இன்று எண்கோண முத்திரையோடு நம் சாலைகளில் ஓடும் எம்.ஜி. கார்கள் குஜராத்தின் ஹாலோலில் தயாராகின்றன. பெயர் சீனாவின் சாயிக் நிறுவனத்துக்குச் சொந்தம். எம்.ஜி. கார் கிளப்போ ஆபிங்டனிலேயே, கிம்பர் ஹவுஸ் என்ற கட்டடத்தில், ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பதிவேடு வைத்து இயங்குகிறது. போருக்கு முந்தைய மிட்ஜெட், மேக்னா, மேக்னெட் கார்களைக் கவனிக்கும் டிரிபிள்-எம் பதிவேடு, எஞ்சியிருக்கும் வண்டிகளை சேஸிஸ் எண் வாரியாகத் தேடி எழுதிவருகிறது. டைனமோவுக்குள் எண்ணெய் இறங்காமல் தடுப்பது எப்படி என்று அங்கே கேட்டால் இன்றும் பதில் கிடைக்கும்.