கன்னத்துக் கொழுப்பு வீண் கொழுப்பா?

கன்னத்தின் உள்ளே, மெல்லும் தசைக்கு முன்பாக, ஏறத்தாழ 10 மில்லிலீட்டர் அளவில் ஒரு கொழுப்புப் பொதி இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1732இல் ஜெர்மன் வைத்தியர் ஹைஸ்டர் அதைச் சுரப்பி என்று எழுதிவைத்தார். கொழுப்பு என்று 1802இல் திருத்தியவர் பிரான்சின் பிஷா. அதில் ஒரு பகுதியை எடுத்து முகத்தை ஒடுக்குவது இப்போதைய நாகரிகம். தான் செய்துகொண்டதாக அமெரிக்க மாடல் கிறிஸி டீகன் 2021இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகு பேச்சு இன்னும் பரவியது. திருகோணமலையில் கலியாணத்துக்கு நாள் குறித்த பிள்ளைக்கும் போன் பில்டர் அதே ஒடுங்கிய முகத்தைத்தான் காட்டுகிறது.

செய்முறையில் குறை சொல்ல அதிகமில்லை. மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேரே, கன்னத்தின் உட்பக்கம் சிறு கீறல். வெளியிலிருந்து மெல்ல அமுக்கினால் மஞ்சள் கொழுப்பு பிதுங்கி வரும். வந்ததை வெட்டி, கரையும் நூலால் தைத்துவிடுவார்கள். விறைக்க ஊசி போட்டே ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கலாம்; முகத்தில் தழும்பும் இல்லை. உடம்பு மெலிந்தாலும் இந்தப் பொதி அவ்வளவாக மெலியாது. ஆகவே பிறவியிலேயே கன்னம் கனத்தவர்களின் மனக்குறையை வெறும் பகட்டு என்று தள்ளுவது அநியாயம்.

ஆனால் அகன்ற முகத்துக்கெல்லாம் இந்தக் கொழுப்பே காரணமில்லை. பல்லை நெருமுகிறவர்களுக்குத் தாடைத் தசை தடிக்கும். சிலருக்கு எலும்பே அகலம். அவர்களுக்குப் பொதியை எடுத்தால் கன்னம் குழியுமே தவிர, தாடை ஒடுங்காது. முகநரம்பின் கிளைகளும் உமிழ்நீர்க் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. கை பிசகினால் சிரிப்பே கோணலாம். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வயது. 22இல் எடுப்பாக இருந்த முகம், மற்றக் கொழுப்பும் வற்றும் 45இல் நோயாளி முகமாகிவிடக்கூடும். எடுத்தது திரும்ப வளராது. (கன்னம் ஒட்டிய பிள்ளையைக் கண்டால் “என்ன பிள்ளை, சாப்பிடுறேல்லையே?” என்று கேட்கும் பெரியம்மாமார் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.)

தூரமும் ஒரு குறைதான். கொழும்பில் செய்துகொண்டு 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் பண்ணித் திருகோணமலை வீட்டுக்கு வந்தவருக்கு மூன்றாம் நாள் கன்னம் வீங்கினால், ஓடப்போவது பக்கத்திலுள்ள பொது வைத்தியசாலைக்கு. என்ன வெட்டினார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று கடமையிலுள்ள வைத்தியருக்கு யார் சொல்வது?

அழகைப் பற்றிய இந்தப் பேச்சில் வெற்றிலை வருவதில்லை. துறைமுகத்தை அண்டிய ஊர்களில் இரவில் கடலுக்குப் போகிறவரும் மூட்டை இறக்குகிறவரும் கண் விழிக்க வெற்றிலை, பாக்கு, புகையிலையை வாயில் அடக்குவது பழக்கம். இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்குத்தான். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2004ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. புற்றுக்கு முன்பே கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகிவிடுவதுண்டு. மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல் நுழையப் பாடுபட வேண்டும். சோற்றுக் கவளம் உள்ளே போகாது. சத்திரசிகிச்சை நிபுணர் அந்த நாரை வெட்டி வாயைத் திறந்ததும், உள்ளே கிடக்கும் பச்சைப் புண்ணை மூட இழுத்துவரும் பொருட்களில் ஒன்று இதே கொழுப்புப் பொதி. அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் உண்டு. தைத்த சில வாரங்களில் அதன்மேல் வாயின் உட்தோல் படர்ந்துவிடும். மேல்தாடையில் விழும் துளைகளை அடைக்க எகியெடி என்ற நிபுணர் 1977இலேயே இதைப் பயன்படுத்திக் காட்டினார்.

அழகுக்காக இதை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பக்கற்றில் வரும் பாக்கைப் பள்ளிக்கூட வயதிலேயே மெல்லத் தொடங்கிய இளைஞர் ஒருவர் கன்னத்தை ஒடுக்கக் கேட்டு வந்தால், வைத்தியர் கண்ணாடியை அவர் கையில் கொடுக்குமுன் வாயைத் திறக்கச் சொல்லி எத்தனை விரல் போகிறது என்று பார்க்கட்டும்.