ஏசி மின்சார ரயில்: போகும்போது சரி, வரும்போது?

சென்னை கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஓடும் ஏசி மின்சார ரயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் போகிறவர்கள். எத்தனை நிமிடம் மிச்சமாகும், சீசன் டிக்கெட் கட்டுப்படியாகுமா என்பதோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடும். எனக்கு வேறு கேள்வி. தாம்பரத்தில் குடியிருக்கும் ஒருத்தி நன்றாக உடுத்திக்கொண்டு சிலை பார்க்க, புடவை வாங்க, பாட்டுக் கேட்கக் கிளம்பினால் இந்த வண்டி அவளுக்கு உதவுமா? ஒரு வாரத்துக்கு எனக்குப் பிடித்தவற்றைத் தேடிப் போனதெல்லாம், முடிந்தவரை, இதில்தான்.

வண்டி பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டியது. 12 பெட்டிகள். 2025 ஏப்ரல் 19 அன்று ஓடத் தொடங்கியது. மும்பைக்காரர்களுக்கு 2017 கிறிஸ்துமஸ் அன்றே இப்படியொன்று கிடைத்துவிட்டது. அதையும் கட்டிக்கொடுத்தது இதே பெரம்பூர்தான் என்பது நமக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். கதவுகள் தாமாகத் திறந்து மூடும். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு உள்ளேயே நடந்து போகலாம். அடுத்த நிலையத்தின் பெயர் பலகையில் ஓடுகிறது. 1,116 இருக்கைகள், நிற்பவர்களையும் சேர்த்தால் ஐயாயிரம் பேரை நெருங்கும். ஆக, ஏசி என்றதும் எல்லாருக்கும் உட்கார இடம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்டணம் 35 ரூபாயில் தொடங்கி 105 ரூபாய் வரை போகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் சாதா வண்டியில் 5 ரூபாய்க்கே ஏறிவிடலாம். மெட்ரோவில் அதிகபட்சமே 50 ரூபாய்தான். சாதா டிக்கெட் இதில் செல்லாது.

இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? குளிர்ச்சி என்று சொல்லிவிடலாம், ஆனால் எனக்குக் கிடைத்தது துணிமணி சம்பந்தப்பட்ட விஷயம். இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, மீட்டர் கேஜில். அன்றிலிருந்து இன்றுவரை ரயிலில் போகிறோம் என்றால் அதற்கென்று ஒரு உடுப்பு உண்டு: கசங்கினாலும் தெரியாத துணி, வேர்வை காட்டாத நிறம், இழுத்து முடிந்த கொண்டை. சாதா வண்டியின் முதல் வகுப்பில் மெத்தை இருக்கை உண்டே தவிர, வெயில் எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். நல்ல புடவை கட்டினால் கால் டாக்ஸி, அதாவது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மணி நேரம், பர்ஸிலும் ஓட்டை.

அந்த வாரத்தின் பிடித்த புடவை அனகாபுத்தூருடையது. பல்லாவரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்த ஏற்றுமதி படுத்த பிறகு, மிச்சமிருந்த தறிகளில் சிலர் வாழைநார், சணல், கற்றாழை, அன்னாசி நார் என்று நெய்து பார்த்தார்கள். நான் கட்டியது வாழைநாரும் பருத்தியும் கலந்தது. லேசானது, ஆனால் ரோஷக்காரப் புடவை. ஒருமுறை மடிப்பு விழுந்தால் இஸ்திரிப் பெட்டி வந்தால்தான் போகும். அதைக் கட்டிக்கொண்டு தாம்பரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்கியபோது கொசுவம் வைத்தது வைத்தபடி இருந்தது. எதிரே பட்டுப்புடவையில் ஒரு பெரியம்மா, வடபழனியில் கல்யாணமாம். “ஏம்மா, முகூர்த்தத்துக்குப் போறப்ப புடவைய தூக்கிப் பிடிச்சிக்கிட்டே நிக்காம வந்தது இதாம்மா முதல் தடவை” என்றார். தலையில் வைத்த மல்லிகைகூட வாடவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஏசி காற்று நேரே தலையில் விழும் இடத்தில் நின்றால் வேறு மாதிரி கலைந்துபோகும். ஓரமாக நில்லுங்கள்.

பழம்பொருள் தேடுவதற்கு இந்தத் தடத்தைவிட நல்ல தடம் சென்னையில் இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. ரேடியோ, கைக்கடிகாரம், மரச்சாமான், செடி, புறா, கருவாடு எல்லாம் ஒரே தெருவில். எதையும் தேடிப் போகக் கூடாது, அதுவாகக் கண்ணில் படவேண்டும். இதே பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட், சரளைக் குழியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து, மனிதன் செதுக்கிய கருவி அது என்று அடையாளம் கண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. கீழே கிடப்பதில் நல்லதைப் பொறுக்குவது இந்த ஊர் மண்ணிலேயே இருக்கிறது போலும். அவர் பிற்காலம் வரை திரட்டிய கற்கருவித் தொகுப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. யாரோ நமக்காகவே திட்டம் போட்டதுபோல அன்று சந்தை.

எழும்பூருக்குச் சனிக்கிழமை போனேன். வெண்கலக் கூடத்துத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைப் பார்க்க எனக்குக் காரணம் தேவையில்லை. உடையும் நகையும் உடம்பின் பாதியில் ஒருவிதம், மறுபாதியில் வேறுவிதம். சோழர் காலச் சிற்பி துணியைப் பற்றி யோசித்த அளவு இன்றைய பேஷன் பத்திரிகைகள் யோசிப்பதில்லை. போகும்போது குளிர்ந்த பெட்டியில் அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ மறுபடி படித்தேன். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் சினிமாக்காரர்களைப் பற்றி எழுதிய நாவல், மின்னுகிற முகங்களைப் பற்றியல்ல, சாப்பாட்டுக்கும் காருக்கும் அலைகிறவர்களைப் பற்றி. வண்டி குலுங்காததால் வரி தப்பவில்லை.

தப்பியது கவனம்தான். சாதா வண்டியில் காற்றும் தண்டவாளச் சத்தமும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இங்கே மூடிய கதவுக்குள் அடுத்தவர் போன் முழுவதும் நமக்கும் சேர்த்துத்தான். ஒருவர் சமையல் போட்டிச் சிரிப்பு, ஒருவர் ராஜா பாட்டு, ஒருவர் பதினைந்து நொடிக்கொரு ரீல். தென்சென்னை அந்த வாரம் எதை ரசித்தது என்று அறிய வேறு கணக்கெடுப்பு வேண்டாம். இயர்போன் போட்டுக்கொள்ளச் சொல்லி ஓர் அறிவிப்பு, அடுத்த நிலைய அறிவிப்போடு சேர்த்து வந்தால் நல்லது.

இன்னொரு பக்கம், இந்த ரயிலில் இல்லாத சத்தங்களும் உண்டு. சமோசாக்காரர் இல்லை, ஊசியும் கீ செயினும் விற்பவர் இல்லை. தோளில் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டு பழைய பாட்டுப் பாடி வரும் பார்வையற்றவர்கள் இல்லை. அவர்களில் சிலர் சுருதி பிசகாமல் பாடுவார்கள். அந்த வாரம் நான் கேட்ட நல்ல பாட்டு எது என்று கேட்டால், சாதா வண்டியில், கிண்டிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே கேட்டது. ஏசி வண்டியின் மதிப்பெண்ணில் இதைக் கழிக்கத்தான் வேண்டும்.

பெரிய குறை நேரம். மீதி எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தொடங்கிய அட்டவணையில் ஒரு நாளைக்கு ஒரு சில நடைகள்தான், ஞாயிற்றுக்கிழமை அடியோடு கிடையாது. நேரங்களைப் பிறகு மாற்றினார்கள், நடைகளையும் கூட்டினார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை: காலையில் கொண்டுபோய்விட்டு மாலையில் கூட்டிவருவதற்கு வகுத்த வண்டி இது. குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் இரவுக் காட்சி முடிந்து வருகிறவனுக்கு எந்த ரயிலும் இல்லை, அது போகட்டும். மார்கழியில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ராகம் தானம் பல்லவி முடிந்து, துக்கடா கேட்டு, மங்களத்துக்கு எழுந்து நிற்கும்போது மணி ஒன்பது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைக்காரர்கள் பாதிப் பேர் தனி ஆவர்த்தனத்திலேயே செருப்பைத் தேடுகிறார்களே, சங்கீதம் பிடிக்காமலா?

அதனால் இப்போதைக்கு என் ஏற்பாடு: போகும்போது ஏசி, திரும்பும்போது சாதா. திரும்பும்போது புடவை கசங்கினால் யார் பார்க்கப்போகிறார்கள். தெற்கு ரயில்வே அடுத்த அட்டவணை போடும்போது, டிசம்பர் 15 முதல் ஜனவரி முதல் வாரம் வரையாவது, ஞாயிறு உட்பட, மாம்பலத்தில் இரவு ஒன்பதரைக்கு நிற்கும்படி ஒரு தாம்பரம் ஏசி வண்டி விட்டுப் பார்க்கட்டும். இருக்கைகள் காலியாக ஓடினால் நிறுத்திக்கொள்ளலாம்.