எத்தனை அடி தள்ளும்?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகனை விண்கப்பலில் ஏற்றி, நான்காம் அத்தியாயத்தில் செவ்வாயில் இறக்கிவிடலாம். எதைக் கொண்டு ஓட்டினாய் என்று எந்த வாசகரும் கேட்கமாட்டார். அரசாங்கக் கஜானாவுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

கோயமுத்தூர் நண்பர் ஒருவர், "எரிபொருளே இல்லாமல் போகும் விண்கலம் என்கிறார்கள். இந்த மாதிரி விசித்திர யோசனைகளுக்கெல்லாம் நம் நாடு பணம் கொடுக்கலாமா?" என்று கேட்டார். கூடவே கூடாது என்பவர்களும், அள்ளிக் கொடுக்க வேண்டும் என்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இரு சாராரும் யோசனை புதிதா, பழையதா என்றே பார்க்கிறார்கள்.

புதிது என்பதற்காக ஒதுக்கினால் என்ன ஆகும்? காற்றில்லாத வெளியிலும் ராக்கெட் செல்லும் என்ற அமெரிக்கர் காடர்டை, 1920-ல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கேலி செய்தது. 1969-ல் மனிதன் சந்திரனுக்குப் புறப்பட்ட மறுநாள்தான் வருத்தம் தெரிவித்தது. நம் பக்கத்துச் சங்கதியும் உண்டு. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை பெங்களூர் செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்தபோது, 2017 மே மாதம் ஜிசாட்-9 பறந்தது. செனான் வாயுவை மின்சாரத்தால் வேகமாகப் பின்னே தள்ளும் இயந்திரமும் அதில் இருந்தது. அதன் உந்துதல் சொற்பம். ஆனால் கொஞ்சம் வாயுவை வைத்துக்கொண்டு நெடுநாள் உழைக்கும். ஒரு காலத்தில் இதுவும் விசித்திர யோசனைதான்.

புதிது என்பதற்காகவே கொண்டாடினாலும் ஏமாற்றம்தான். எம்டிரைவ் என்று ஒன்று வந்தது. மூடிய உலோகப் பாத்திரத்துக்குள் நுண்ணலைகளைச் செலுத்தினால், எதையும் பின்னே தள்ளாமலே முன்னே போகுமாம். 2016-ல் நாசா ஆய்வாளர்கள் சிலரே மெல்லிய உந்துதலைக் கண்டதாக எழுதினார்கள். 2021-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தார் இன்னும் கவனமாக அளந்தார்கள். கருவி சூடேறி, அளவைத் தராசுதான் சற்று அசைந்திருந்தது, உந்துதல் இல்லை.

பீளமேட்டுப் பக்கம் பம்பு வாங்க வரும் குடியானவரைப் பாருங்கள். மோட்டாரின் வர்ணத்தில் அவர் மயங்குவதில்லை. "ஏனுங்க, இது எத்தனை அடி தள்ளுமுங்க?" என்பார். ஓட்டிக் காட்டினால்தான் மடியை அவிழ்ப்பார்.

இன்னும் பிறக்காத பம்பை எப்படி ஓட்டிக் காட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் முதல் பணத்தைக் கப்பலுக்குக் கொடுக்காமல் தராசுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். அளப்பவர் யோசனைக்குச் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. தராசு அசைந்தால் அடுத்த தவணை. அசையாவிட்டால் அத்தோடு சரி. டிரெஸ்டனில் செலவான பணம் வீண் அல்ல. அதைவிடப் பல மடங்கு பணம் வீணாகாமல் காத்த பணம் அது.

கற்பனைக்கு நான் விரோதி அல்ல. என் பிழைப்பே அதுதான். என் கதையில் கப்பல் ஓடாவிட்டால் வாசகருக்கு ஒரு மாலைப்பொழுது நஷ்டம். கஜானாவின் கப்பல் ஓடாவிட்டால் நஷ்டப்படுவது எங்கோ ஒரு கிராமத்தின் பள்ளிக்கூடம்.